இடது தோளில் ஒரு தழும்பு

உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை நம் எம்.டி.எச். ரோட்டின் மறுமுனையில் நடந்தது. நோய் எதிர்ப்பு சக்தி பற்றி அது சொன்ன உண்மையை நாம் இன்னும் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்கிறது எம்.டி.எச். ரோடு. 1960-களில் இந்த ரோட்டின் இரு முனைகளிலும் இரண்டு பெரிய வேலைகள் நடந்தன. கிழக்கு முனையில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. பக்கத்திலேயே அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. திருவலிதாயம் கோயிலைச் சுற்றி வயலும் ஏரியுமாக இருந்த பாடி, ஷிப்ட் சங்கு கேட்டு விழிக்கும் ஊராக மாறியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மேற்கு முனையில் நடந்தது அவ்வளவாகத் தெரியாத கதை. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர்ச் சுற்றுவட்டாரத்துக்கு 1968-ல் ஜீப்புகளும் எக்ஸ்ரே வண்டிகளும் வந்து இறங்கின. இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களிலும் சில சிறு நகரங்களிலும் வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். மொத்தம் 3,66,625 பேர். ஒரு மாதக் குழந்தையிலிருந்து தாத்தா பாட்டி வரை அதில் இருந்தார்கள். அவர்களில் 2,81,161 பேர் 1971-க்குள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு பதினைந்து வருடம் அந்த மக்கள் கண்காணிக்கப்பட்டார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி நிஜமாகவே காக்கிறதா என்று பார்க்க இவ்வளவு பெரிய சோதனை உலகில் வேறெங்கும் நடந்ததில்லை.

கொரோனா வந்த பிறகு ‘இம்யூனிட்டி’ என்ற சொல் மளிகைக் கடை வரைக்கும் வந்துவிட்டது. பொடி, லேகியம், சிரப், மாத்திரை என்று எல்லா டப்பாவிலும் அது இருக்கிறது. உடம்பு எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது, எங்கே தோற்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் அந்த டப்பாக்களை விட்டுவிட்டுத் திருவள்ளூர்ச் சோதனையைப் படிக்கலாம்.

மூச்சோடு உள்ளே போவது

காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது, தும்மும்போது, ஏன், உரக்கப் பேசும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் காற்றில் கலக்கின்றன. பெரிய திவலைகள் தரையில் விழுந்துவிடும். உள்ளே போனாலும் மூக்கு முடியும் மூச்சுக்குழலின் சளியும் அவற்றைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இதுதான் உடம்பின் முதல் காவல். நாம் சலிப்போடு துப்பும் சளிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது.

மிகச் சிறிய திவலைகள் இந்தக் காவலைத் தாண்டி நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுப் பைகளுக்குப் போய்விடுகின்றன. அங்கே மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் எப்போதும் ரோந்தில் இருக்கும். தூசியோ கிருமியோ எது வந்தாலும் சுற்றி வளைத்து விழுங்கி, அமிலத்தாலும் நொதிகளாலும் கரைத்துவிடுவது அவற்றின் வேலை. ஒரு நாளில் நாம் இழுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றின் கதை நமக்குத் தெரியாமலே இங்கே முடிந்துவிடுகிறது.

காசநோய்க் கிருமி மட்டும் இதற்குத் தயாராக வருகிறது. அதன் மேல் தடித்த மெழுகுறை இருக்கிறது. விழுங்கப்பட்ட பிறகு, தான் இருக்கும் பைக்குள் அமிலப் பை வந்து கலந்துவிடாமல் தடுக்கிறது. தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அவசரமும் இல்லை. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்றால், இதற்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் வேண்டும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உடம்பின் பெரிய படைக்கு முதல் சில வாரங்கள் தகவலே சரியாகப் போவதில்லை.

பிறகு ஒரு வழியாகச் சில செல்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. கழுத்திலோ அக்குளிலோ ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொல்கிறோமே, அந்தக் கணுக்கள்தான். அங்கே டி செல்கள் லட்சக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். வந்த துணுக்கோடு பொருந்துகிற சில செல்கள் மட்டும் விழித்து, பெருகி, ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குத் திரும்புகின்றன. இதற்கெல்லாம் இரண்டு முதல் எட்டு வாரம் ஆகிறது. திரும்பி வந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது பட்டதும் மேக்ரோஃபேஜுக்குப் புதுத் தெம்பு வருகிறது. அதுவரை உள்ளே வளர்ந்துகொண்டிருந்த கிருமியை அது நெரிக்கத் தொடங்குகிறது.

தட்டம்மையிலும் போலியோவிலும் ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைப் பிடித்துக்கொள்ள அவற்றால் முடியும். காசநோய்க் கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் ஆன்டிபாடி மட்டும் போதாது, டி செல் வேண்டும். ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் அளந்துவிடலாம். காசநோயில் எதை அளந்தால் ‘இவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது’ என்று சொல்லலாம் என்பதற்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லை. நூறாண்டுக்கு மேலாகியும் பி.சி.ஜி.க்கு மேலான ஒரு தடுப்பூசி புழக்கத்துக்கு வராததற்கு இது முக்கியமான காரணம்.

கிருமியை முழுக்கக் கொல்ல முடியாவிட்டால் உடம்பு அதைச் சுற்றி அடைத்துவிடுகிறது. மேக்ரோஃபேஜ்கள் நடுவிலும் டி செல்கள் சுற்றிலுமாக ஒரு சிறு முடிச்சு உருவாகிறது. கிரானுலோமா என்பார்கள். நடுவே செத்த திசு திரிந்த பாலைப் போல இருக்கும். அதற்குள் கிருமி சாகாமல், பெருகவும் முடியாமல் வருடக்கணக்கில் கிடக்கும். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று உண்டு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்ற தொண்ணூறு பேரின் உடம்பு, அவர்களுக்கே தெரியாமல் சாகும்வரை அந்தக் காவலை நடத்துகிறது. எதிர்ப்பு சக்தியின் பெருமையைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல எண்ணிக்கை கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நுரையீரலைத் துளைத்து, ரத்தம் வரும்படி இரும வைப்பது பெரும்பாலும் கிருமியின் நஞ்சு அல்ல. நம் எதிர்ப்புச் செல்கள் மூட்டிய அழற்சிதான் அந்தச் சேதத்தைச் செய்கிறது. அடைத்து வைத்த முடிச்சு கரைந்து மூச்சுக்குழலுக்குள் உடைந்தால்தான் கிருமி இன்னொருவரிடம் போக முடியும். பல கிருமிகள் டி செல்லின் கண்ணில் படாதபடி முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். காசநோய்க் கிருமியின் மரபணுக்களை உலகெங்கிலும் இருந்து சேகரித்து ஒப்பிட்டபோது, டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகள் ஏறத்தாழ மாறாமலே இருப்பதை 2010-ல் கண்டுபிடித்தார்கள். தன்னை அடையாளம் கண்டுகொள்வதையே அது விரும்புகிறதோ என்று விஞ்ஞானிகள் சந்தேகப்படுகிறார்கள். எதிர்ப்பு சக்தி ‘கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது’ என்ற ஒற்றைக் கணக்கு இங்கே செல்லாது. வேண்டியது சரியான அளவு, சரியான இடம், சரியான நேரம்.

ராஜாஜி கேட்ட கேள்வி

பிரான்ஸின் லில் நகரில் ஆல்பெர் கால்மெட், கமீய் கெரான் என்ற இருவர் 1908-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை மாட்டின் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்து, சில வாரங்களுக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை நகரத்தைப் பிடித்திருந்தபோதும் நிறுத்தவில்லை. கடைசியில் நோய் தரும் வீரியத்தை இழந்த ஒரு கிருமி கிடைத்தது. 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். பி.சி.ஜி. என்ற மூன்றெழுத்தில் இரண்டு எழுத்துகள் இந்த இருவரின் பெயர்.

இந்தியாவுக்கு அது 1948-ல் வந்தது. அதே ஆண்டில் நம் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் தொடங்கியது. ஊர் ஊராகப் பெரும் இயக்கமாக ஊசி போட்டார்கள். சென்னையில்தான் அதற்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. முதலில் குரல் கொடுத்தவர் ஏ.வி.ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர். முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய அடுத்த ஆண்டு, 1955-ல், ராஜாஜியே பி.சி.ஜி.யை எதிர்த்துத் தனிப் பிரசுரம் வெளியிட்டார். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியை ஏற்றலாமா, அதன் பலன் நிரூபிக்கப்பட்டதா என்பது அவர் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் திட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றார்.

ஊசி ஆபத்தானது என்ற அச்சத்தில் ராஜாஜி தவறு செய்தார் என்பதே என் கருத்து. கோடிக்கணக்கான குழந்தைகள் அந்த ஊசியைப் பத்திரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த மண்ணில் அது பலன் தருகிறதா என்ற கேள்வி நியாயமான கேள்வி. மேடைப் பேச்சாலோ அரசு அறிக்கையாலோ அதற்குப் பதில் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1950-ல் தொடங்கிய சோதனையில், பதினான்கு பதினைந்து வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்த சோதனையில் மிகச் சொற்பம். நமக்கு எது பொருந்தும்? நம் மக்களிடம்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கையில் ஒரு புடைப்பு, மில்லிமீட்டரில் ஒரு கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனும் ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து இந்தச் சோதனையை நடத்தியது. பாரிஸ், கோபன்ஹேகன் என்ற இரண்டு வகை பி.சி.ஜி., இரண்டு அளவு. இவற்றோடு மருந்தே இல்லாத போலி ஊசியும் சேர்த்து, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, நோயைக் கண்டுபிடிப்பவருக்கும் தெரியாது.

ஊசி போடும்போதே முன்கையில் டியூபர்குலின் பரிசோதனையும் செய்தார்கள். காசநோய்க் கிருமியின் புரதத்தில் ஒரு துளியை, தோலுக்குள் மட்டும் நிற்கும்படி மெல்லிய ஊசியால் ஏற்றினால் ஒரு கொப்புளம் எழும். சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். ஏற்கெனவே கிருமியைச் சந்தித்த உடம்பு என்றால், நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அந்த இடத்துக்கு வந்து கூடும். இரண்டு மூன்று நாளில் தோல் கெட்டிப்பட்டுப் புடைக்கும். விரலால் தடவி அந்தக் கெட்டியின் விளிம்பைக் கண்டுபிடித்து, ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் குறிப்பார்கள். சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, கெட்டியை மட்டும்தான் அளக்க வேண்டும். உடம்பின் நினைவாற்றலை விரலால் தொட்டுப் பார்க்கிற பரிசோதனை இது. மிகப் பழைய முறைதான், இன்றும் மருத்துவமனைகளில் ‘மாண்டூ’ என்ற பெயரில் இருக்கிறது.

புடைப்பு சிறிதாகவும் எக்ஸ்ரே சுத்தமாகவும் இருந்த 1,09,873 பேர்தான் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவர்கள். இதுவரை கிருமி தொடாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் இவர்கள். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை மக்களைத் திரும்பப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் சந்தேகம் வந்தால் சளியை வாங்கி வளர்ப்புச் சோதனை செய்தார்கள். கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், வேலை தேடிப் பாடிக்கும் அம்பத்தூருக்கும் வந்தவர்கள், இறந்துபோனவர்கள் என்று ஒவ்வொருவர் கணக்கையும் பதினைந்து வருடம் விடாமல் வைத்திருப்பது எப்பேர்ப்பட்ட உழைப்பு! கணினி வசதி அரிதான காலத்தில், வெயிலில் சைக்கிள் மிதித்த களப்பணியாளர்களுக்கும், கேட்கும்போதெல்லாம் எக்ஸ்ரேவுக்கு வந்து நின்ற ஊர்க்காரர்களுக்கும் அந்தப் பெருமை சேரும்.

1979-ல் முதல் முடிவு வெளியானது. உலகமே அதிர்ந்தது. பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் போலி ஊசி போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் ஏறத்தாழ ஒரே மாதிரி வந்திருந்தது. எங்கோ தவறு நடந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் குடைந்து பார்த்தார்கள். பெரிய தவறு எதுவும் அகப்படவில்லை. பதினைந்து வருட முடிவு 1999-ல் வந்தபோதும் தீர்ப்பு மாறவில்லை. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறு பிள்ளைகளுக்கு 27 சதவீதம், அதுவும் புள்ளிவிவரப்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு.

மண்ணிலேயே இருந்த ஊசி

ஏன் இப்படி? நாற்பது வருடத்துக்கும் மேலாக விவாதம் நடக்கிறது. அதிகம் பேர் ஏற்கும் விளக்கம் நம் ஏரி, குளம், சேறு, மண்ணோடு தொடர்புடையது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினர்கள், மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாத வகைகள், வெப்பமான ஈர மண்ணிலும் நீரிலும் ஏராளமாக வாழ்கின்றன. வயலில் இறங்கிய, குளத்தில் குளித்த ஒவ்வொருவரும் சிறுவயதிலேயே அவற்றைச் சந்தித்துவிடுகிறார்கள். திருவள்ளூர்ச் சோதனையிலேயே இப்படிப்பட்ட உறவுக் கிருமிக்கான தோல் பரிசோதனையும் செய்யப்பட்டது. வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கை புடைத்தது.

அப்படியானால் இரண்டு விதமாக நடந்திருக்கலாம். மண்ணின் கிருமிகளே ஏற்கெனவே கொஞ்சம் பாதுகாப்பைக் கொடுத்திருக்க, பி.சி.ஜி.யால் அதற்கு மேல் எதையும் கூட்ட முடியாமல் போயிருக்கலாம். அல்லது பழகிய டி செல்கள், பி.சி.ஜி. உள்ளே போனவுடனேயே அதைக் கொன்று, அது வேலை செய்வதற்கு முன்பே அகற்றியிருக்கலாம். பல நாட்டுச் சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போக பி.சி.ஜி.யின் பலன் கூடுகிறது. குளிர்நாட்டுப் பிள்ளையின் உடம்பு காணாத பலவற்றை நம் பிள்ளையின் உடம்பு நடக்கப் பழகும்போதே கண்டுவிடுகிறது என்பதோடு இது பொருந்தித்தான் போகிறது. ஆனால் இந்த விளக்கம் மட்டுமே முழுக் காரணமாக இருக்க முடியாது என்றே சோதனையை நடத்தியவர்கள் எழுதினார்கள். கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

எதிர்ப்பு சக்தி ஓர் ஆளின் தனிச்சொத்து அல்ல என்பதை இதற்கு முன் இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஊரின் மண், தண்ணீர், காற்று, எந்த வயதில் எதைச் சந்தித்தோம் என்ற வரிசை எல்லாம் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. ஒரு நாட்டில் வென்ற மருந்து இன்னொரு நாட்டில் தோற்கலாம். அதை இங்கேயே சோதித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று உலகுக்குச் சொன்னவர்கள் திருவள்ளூர்க் கிராமத்து மக்கள்.

அப்படியானால் ஊசி வேண்டாமா?

வேண்டும், கட்டாயம் வேண்டும். இந்த இடத்தில் யாரும் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. பி.சி.ஜி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. கைக்குழந்தைகளைக் கொல்லும் இரண்டு கொடிய வடிவங்கள் வேறு: மூளையுறைக் காசநோய், உடம்பு முழுக்கப் பரவும் காசநோய். இவற்றிலிருந்து அது குழந்தைகளை நன்றாகக் காக்கிறது என்று வேறு பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் இந்தியாவில் பிறந்தவுடனேயே போடுகிறார்கள். தொழுநோய்க்கு எதிராகவும் அது ஓரளவு உதவியதைத் திருவள்ளூர்ச் சோதனையே காட்டியது.

தடுப்பூசி நாளில் சுகாதார நிலையத்தின் பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்.

“சிஸ்டர், ஊசி போட்ட எடத்துல சீழ் கட்டியிருக்கு. பயமா இருக்கு.”

“அப்படித்தாம்மா வரும். ஒண்ணும் தடவாதீங்க, பிதுக்காதீங்க. தானா உடைஞ்சு ஆறிடும்.”

சிஸ்டர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு மூன்று வாரத்தில் சிறு கட்டி, பிறகு புண், பிறகு பொருக்கு, கடைசியில் தழும்பு. வலுவிழந்த கிருமியோடு குழந்தையின் மேக்ரோஃபேஜும் டி செல்லும் நடத்தும் முதல் சண்டை அந்த இடது தோளில் நடக்கிறது. எண்ணெய், மஞ்சள், ஆயின்மென்ட் எதுவும் வேண்டாம்.

காவல் எப்போது தளர்கிறது

முடிச்சுக்குள் அடைபட்ட கிருமி எப்போது வெளியே வரும்? எச்.ஐ.வி. தொற்றில் டி செல்களே அழிவதால் காசநோய் தாக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அந்தத் தொற்று இந்தியாவில் இருப்பதை 1986-ல் முதலில் கண்டுபிடித்தவர்கள் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும். சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. சிகரெட், குடி இரண்டும் கூட்டும்.

பாடி, அம்பத்தூர் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வார்ப்பு வேலையிலும் மணல் கொண்டு தேய்க்கும் வேலையிலும் பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலுக்குள் போனால் அது கரைவதே இல்லை. அதை விழுங்கிய மேக்ரோஃபேஜ்தான் சாகிறது. முதல் காவல்காரனே செத்துவிட்டால் காசநோய்க் கிருமிக்குக் கதவு திறந்தாயிற்று. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டால் சிலிக்கா தூள் நிற்காது. சரியான முகக்கவசம், தூசி உறிஞ்சும் அமைப்பு, ஈரப்படுத்தி வேலை செய்வது இவையெல்லாம் முதலாளியின் கடமை. காற்று வராத அறையில் ஷிப்ட் மாறி மாறிப் பலர் படுத்துறங்கும் வாடகைக் குடியிருப்புகள் கிருமிக்கு இன்னும் வசதி.

இவை எல்லாவற்றையும்விட இந்தியாவில் காவலை அதிகம் தளர்த்துவது பசி. புரதமும் கலோரியும் குறைந்தால் டி செல்களின் எண்ணிக்கையும் வேலையும் குறைகின்றன. ஜார்க்கண்டில் 2019 முதல் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இதைக் கண்முன் நிறுத்தியது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர், நம் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். உணவு வாங்கிய வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவும் நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 2023-ல் இந்த முடிவு வெளியானது. பெரியவர்களிடம் பி.சி.ஜி. செய்யாததைத் துவரம் பருப்பு செய்தது என்று சொன்னால் மிகையில்லை.

நோயாளிகளுக்கும் இதே கதைதான். சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் மரணம் வெகுவாகக் குறைந்தது. காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. நல்ல முடிவு. ஆனால் பணம் தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசி பருப்பு வர வேண்டும். ரேஷன் கடையை இவ்வளவு நன்றாக நடத்தும் தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியாதா?

செய்ய முடிகிறது என்பதற்கு அம்பத்தூர் அருகே அயப்பாக்கத்திலேயே சான்று இருக்கிறது. அங்குள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழக அரசு 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை’த் தொடங்கியது. நோய் உறுதியான அன்றே ஒவ்வொருவரிடமும் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எவ்வளவு வேகம், ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. தேறாதவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் போதும். உடம்பின் காவல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு எளிதாக, இவ்வளவு பேரிடம், மாநிலம் முழுவதும் அளந்தது இந்தியாவில் இதுவே முதல் முறை.

டப்பாவுக்குள் இல்லாதது

‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று விற்கப்படும் பொடிகள் காசநோயைத் தடுத்ததாக நம்பத்தகுந்த ஒரு சோதனையையும் நான் பார்த்ததில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரை எழுதி, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகே ஒரு தடுப்பூசியைப் பற்றி வாய் திறந்தார்கள் நம் விஞ்ஞானிகள். முடிவு தங்களுக்குப் பாதகமாக வந்தபோதும் அப்படியே அச்சிட்டார்கள். அந்த நேர்மைக்கு முன்னால் டப்பாவின் மேல் இருக்கும் வாசகங்களை வைத்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு முட்டை, பருப்பு, நிலக்கடலை வாங்குவது மேல்.

தேசியக் கணக்கெடுப்பில் என்னை மிகவும் உறுத்திய எண் 64. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு என அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. ‘சாதாரண சளிதான்’ என்று விட்டவர்கள், லீவு போட்டால் சம்பளம் போகும் என்று பயந்தவர்கள், வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வார் என்று மறைத்தவர்கள். இந்தப் பயத்தில் பாதி தேவையற்றது. நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் கடைசியிலேயே உலகுக்கு நிரூபித்தது சென்னையில் நடந்த ஆய்வு. மருந்து சரியாக உள்ளே போகத் தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அவரை ஒதுக்க வேண்டியதில்லை, மாத்திரையை நடுவில் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லையா? சாயங்காலக் காய்ச்சல், இரவில் வேர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம், இவற்றில் ஏதாவது இருக்கிறதா? பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் கேளுங்கள். இரண்டும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் குழந்தைகள் உட்பட எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தால், உள்ளே உறங்கும் கிருமியை எழவிடாமல் தடுக்கும் மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். உங்கள் பக்கத்து மெஷினில் நிற்கிறவர் மாதக் கணக்கில் இருமிக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.